கெட்டிமேளம் எங்கே கிழிகிறது?

யாழ்ப்பாணத்தில் கல்யாண வீடியோ செய்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள். படத்தைப் பற்றிய முறைப்பாடு இப்போது அவ்வளவாக இல்லை. கமராக்கள் அந்தளவுக்கு நன்றாகிவிட்டன. முறைப்பாடு வருவது ஒலியைப் பற்றி. “தம்பி, தாலி கட்டுற இடத்தில சத்தம் கிழியுது” என்று கனடாவின் ஸ்காபரோவிலிருந்து யாரோ ஒரு மாமா வட்ஸ்அப்பில் குரல்செய்தி போடுவார். எடிற்றிங் செய்தவர் கணினியில் படமும் ஒலியும் அடுக்கிய டைம்லைனைத் திறந்து ஓடவிட்டுப் பார்ப்பார். அங்கே ஒன்றும் கிழிந்ததாகத் தெரியாது. “எக்ஸ்போர்ட் பண்ணேக்க ஏதோ நடந்திட்டுது” என்று முடிவு கட்டி, அதே செற்றிங்கில் இன்னொரு முறை எக்ஸ்போர்ட் செய்து அனுப்புவார். அதுவும் கிழியும்.

எக்ஸ்போர்ட்டின் மேல் பழி போடுவது சுலபம். இறுதி பைலாக எழுதியெடுக்கும் கடைசி வேலை அதுதானே. ஆனால் ஒலி உடையக்கூடிய இடங்கள் அதற்கு முன்னும் உண்டு, பின்னும் உண்டு. மண்டபத்தில் பதிவாகும்போது உடையலாம். டைம்லைனில் பல ட்ராக்குகள், அதாவது ஒலி அடுக்குகள், ஒன்றுசேரும்போது உடையலாம். பைலாகச் சுருக்கும்போது உடையலாம். எல்லாம் சரியாக இருந்தும் கேட்பவரின் போனில் உடையலாம். எங்கள் ஊர்க் கல்யாணம், சாமத்தியச் சடங்கு, கோவில் திருவிழா வீடியோக்களைப் பொறுத்தவரை முதல் இரண்டு இடங்களைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும் என்பேன். எங்கள் ஒலி அப்படிப்பட்டது.

நாதஸ்வரமும் தவிலும் திறந்தவெளி வாத்தியங்கள். மைக் என்ற ஒன்று வருவதற்கு முன்பே தேர் வீதி முழுக்கக் கேட்கும்படி வாசிக்கப்பட்டவை. தவில்மேதை யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியைத் தந்த மண்ணில் இதை விளக்கவே தேவையில்லை. தவிலின் ஒரு பக்கத்தில் கழி, மறு பக்கத்தில் விரற்கூடு போட்ட விரல்கள். அடி விழுந்த அந்தக் கணத்திலேயே ஒலி உச்சிக்குப் போய்விடும். கமராவிலுள்ள தானியங்கி லெவல் கட்டுப்பாடு அதைக் கண்டுபிடித்துக் குறைப்பதற்குள் முதல் அடி போயே போய்விட்டது. பிறகு அது பயந்து லெவலை இறக்கும். மேளம் நின்றதும் மெல்ல மெல்ல ஏற்றும். ஐயரின் மந்திரத்தோடு மின்விசிறி இரைச்சலும் பின்வரிசைக் கதையும் சேர்ந்து எழும்பி வரும். ஐயர் தாழ்ந்த குரலில் சொல்லும் மந்திரமும் அடுத்த நிமிடம் எழும் கெட்டிமேளமும் ஒரே லெவலுக்குள் அடங்குவது கஷ்டம். மந்திரத்துக்கு வைத்தால் மேளம் உடையும். மேளத்துக்கு வைத்தால் மந்திரம் கேட்காது.

உடைவது என்றால் என்ன? டிஜிட்டல் ஒலிக்கு 0 டெசிபல் என்ற ஒரு கூரை உண்டு. அதற்குக் கீழே உள்ளதெல்லாம் −3, −12 என்று கழித்தல் எண்களில் சொல்லப்படும். 16 பிட் பைலில் ஓர் அலை எட்டக்கூடிய ஆகப்பெரிய எண் 32,767. அதற்கு மேலே எழுத இடமில்லை. அலை 40,000 வரை போக விரும்பினாலும் 32,767 என்றே எழுதப்படும். உச்சி வெட்டுப்பட்டுத் தட்டையாகிவிடும். வளைவாக இருந்த அலைக்கு மூலைகள் வந்தால், மூலத்தில் இல்லாத புதிய அதிர்வெண்கள் பிறக்கின்றன. அவைதான் காதுக்குக் கரகரப்பாக, கிழிசலாகக் கேட்கின்றன. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. நாதஸ்வரத்தின் ஒலியிலேயே இயல்பாக உயர் அதிர்வெண்கள் நிறைய உண்டு என்பதால் சிறு உடைவை அது மறைத்துவிடும். தவில் அடியின் முனையில் ஒரு செக்கனின் சில ஆயிரத்திலொரு பங்கு வெட்டுப்பட்டாலும் காது பிடிப்பது அரிது. அதே அளவு வெட்டு மாப்பிள்ளையின் அப்பா மைக்கில் நன்றி சொல்லும் குரலில் விழுந்தால் உடனே முகம் சுளிப்போம். ஆகவே மீற்றரில் சிவப்பு விழுந்ததா என்பதை மட்டும் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. எதன் மேல் விழுந்தது என்பதுதான் முக்கியம்.

உடைவு எங்கே பிறந்தது என்று கண்டுபிடிக்க நீண்ட ஆராய்ச்சி வேண்டாம். கிழியும் இடத்தை நடுவில் வைத்து அரை நிமிடத் துண்டை மட்டும் தெரிவு செய்து, படம் இல்லாமல் ஒலியை மட்டும் சுருக்காத வேவ் பைலாக, 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட்டில் எக்ஸ்போர்ட் செய்யுங்கள். அதே துண்டை வழக்கமான எம்.பி.4 செற்றிங்கிலும் எடுங்கள். இரண்டையும் நல்ல வயர் ஹெட்போனில் கேளுங்கள். வேவ் சுத்தமாகவும் எம்.பி.4 கிழிந்தும் இருந்தால் குற்றவாளி சுருக்கும் வேலை. இரண்டும் கிழிந்திருந்தால் டைம்லைனுக்குத் திரும்பி, எல்லா ட்ராக்கும் கூடிய ஒலியைக் காட்டும் மாஸ்ரர் மீற்றரைப் பாருங்கள். அது 0-ஐத் தாண்டியிருந்தால் ட்ராக்குகளின் கூட்டல்தான் காரணம். தாண்டவில்லையென்றால் மூலப் பதிவு. இரண்டும் சுத்தமாக இருந்தால் பைலில் வெட்டு இல்லை, கேட்கும் இடத்திலோ பிறகு சொல்லப்போகும் வயர் வில்லங்கத்திலோதான் ஏதோ.

மூலப் பதிவைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தீர்க்க முடியாத சிக்கல்கள் அங்கேதான் இருக்கின்றன.

சவுண்ட் சேர்விஸ்காரரின் மிக்சரிலிருந்து ஒரு வயர் இழுத்து நேரே கமராவில் குத்துவது இப்போது வழக்கம். நல்ல வழக்கம்தான், மண்டபத்து எதிரொலி இல்லாத ஒலி கிடைக்கும். ஆனால் தொழில்முறை மிக்சரின் லைன் வெளியீடு சுமார் 1.23 வோல்ட். கமராவின் மைக் துளை எதிர்பார்ப்பதோ சில மில்லிவோல்ட். நூற்றுக்கணக்கான மடங்கு வித்தியாசம். கமராவுக்குள் இருக்கும் முதல் பெருக்கி அந்த இடத்திலேயே திணறிவிடும். திரையில் சிவப்பைக் கண்டவர் ரெக்கோடிங் லெவலை ஒன்றுக்கோ இரண்டுக்கோ இறக்குவார். சிவப்பு மறையும், உடைவு மறையாது. பல கமராக்களில் அந்த லெவல் கட்டுப்பாடு பெருக்கிக்குப் பின்னால்தான் இருக்கிறது. ஏற்கெனவே வெட்டுப்பட்ட அலையைச் சின்னதாக்கிப் பதிவுசெய்வதைத் தவிர அதனால் வேறொன்றும் செய்ய முடியாது.

இதைக் கண்ணாலேயே காணலாம். எடிற்றிங் மென்பொருளில் கிளிப்பின் அலைவடிவத்தைத் தனித்தனி அலைகள் தெரியும் வரை பெரிதாக்குங்கள். ஆரோக்கியமான பதிவில் உச்சிகள் ஒன்று உயர்ந்தும் ஒன்று தாழ்ந்தும் இருக்கும். வெட்டுப்பட்டதில் எல்லா உச்சியும் ஒரே கோட்டில் சீவிவிட்டதுபோல நிற்கும். அந்தக் கோடு 0-இல் இருந்தால் வெட்டியது டிஜிட்டல் கூரை. கோடு −12-இலோ −15-இலோ இருந்தால், மீற்றர் பச்சையாகவே இருந்தும் ஒலி கிழிந்திருந்தால், வெட்டியது கமராவின் பெருக்கியோ அதற்கு முந்திய மிக்சரோ. “லெவல் எல்லாம் சரியாத்தானே இருக்கு” என்று எடிற்றர் தலையைச் சொறிவது பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையில்தான்.

தவிர்க்கும் வழிகள் கஷ்டமானவை அல்ல. கமராவில் லைன் தெரிவு இருந்தால் அதை எடுக்க வேண்டும். இல்லையென்றால் 20 முதல் 40 டெசிபல் வரை குறைக்கும் தணிப்பான் ஒன்றை வயரின் நடுவே போட வேண்டும். மிக்சரின் மெயின் வெளியீட்டை வாங்காமல் “அண்ணை, ஒக்ஸில ஒரு லைன் தாங்கோ” என்று கேட்பது இன்னும் நல்லது. மெயினில் வாங்கினால் மண்டபத்தில் சத்தம் காணாது என்று அவர் கூட்டும் ஒவ்வொரு முறையும் உங்கள் பதிவும் கூடும். ஒக்ஸ் என்பது மிக்சரின் துணை வெளியீடு, அதில் உங்களுக்கென்று தனிக் குமிழ்; ஸ்லைடருக்கு முந்திய இடத்திலிருந்து அதைத் தரச் சொன்னால், ஒருமுறை தாழ்வாக வைத்துவிட்டால் அப்படியே நிற்கும். சவுண்ட்காரருக்குக் கல்யாண அவசரத்தில் ஆயிரம் வேலை. தாலி கட்டும் நேரத்தில் போய்க் கேட்டால் ஏச்சுத்தான் கிடைக்கும். காலையில் வயர் இழுக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.

வயரிலேயே இன்னொரு வில்லங்கம் உண்டு. எக்ஸ்போர்ட்டின் மேல் முழுப் பழியும் விழுவது இதில்தான். மிக்சரின் சமநிலை வெளியீட்டில் இரண்டு கம்பிகள் ஒரே ஒலியைத்தான் கொண்டுபோகின்றன. ஒன்றில் நேராக, மற்றதில் தலைகீழாக. வழியில் சேரும் இரைச்சலைக் கழிப்பதற்கான உத்தி அது. அந்த வெளியீட்டைச் சாதாரண வயரால் கமராவின் சின்ன ஸ்ரீரியோ துளையில் குத்தினால், கமரா ஒரு கம்பியை இடப்பக்கம் என்றும் மற்றதை வலப்பக்கம் என்றும் எடுத்துக்கொள்ளும். இடமும் வலமும் ஒன்றுக்கொன்று எதிர். எடிற்றர் ஹெட்போனில் கேட்கும்போது ஒலி தலைக்கு வெளியே எங்கோ பரந்து கிடப்பதுபோலத் தோன்றும். பரவாயில்லை என்று விட்டுவிடுவார். ஒற்றை ஸ்பீக்கர் போனில் இரண்டு பக்கமும் கூட்டப்பட்டு ஒன்றையொன்று தின்றுவிடும். குரல் காணாமற்போய், சுருக்கும்போது சேர்ந்த பிசிறு மட்டும் மிஞ்சிக் கேட்கும். ஸ்காபரோ மாமா சொல்வது பொய்யல்ல, எடிற்றர் கேட்பதும் பொய்யல்ல. மென்பொருளில் மாஸ்ரரை மோனோவாக்கிக் கேட்டால் குட்டு உடனே வெளிப்படும். இடப்பக்க ஒலியை மட்டும் எடுத்து இரண்டு பக்கமும் நிரப்பிவிட்டால் தீர்ந்தது. திருத்துவதற்கு இவ்வளவு சுலபமான, கண்டுபிடிப்பதற்கு இவ்வளவு கஷ்டமான வேறு கோளாறு இந்தத் தொழிலில் இல்லை.

அடுத்தது டைம்லைன். கெட்டிமேளத்தின் உச்சி −3 டெசிபலில் இருக்கிறது, நல்லது. அதன் கீழே ஓடவிட்ட சினிமாப் பாட்டின் உச்சி −1. வெளியிடப்பட்ட பாட்டுகள் பொதுவாக அந்த அளவில்தான் வரும். இரண்டும் தனித்தனியே கூரைக்குக் கீழே. இரண்டின் உச்சியும் ஒரே கணத்தில் சந்தித்தால் கூட்டல் +4 வரை போகும். இதோடு மிக்சர் லைன் ஒரு ட்ராக், கமரா மைக் ஒரு ட்ராக், ட்ரோன் காட்சிக்கு மேலே ஒரு வாழ்த்துக் குரல். எல்லாக் கிளிப்பையும் தெரிவு செய்து 0-க்கு நோர்மலைஸ் செய்யும் பழக்கமும் சிலருக்கு இருக்கிறது. ஒவ்வொன்றையும் கூரையில் ஒட்டவைத்துவிட்டுப் பிறகு கூட்டினால் வேறென்ன நடக்கும்?

இந்த வகை உடைவில் ஆறுதல் ஒன்று உண்டு. பிரீமியர் ப்ரோ போன்ற மென்பொருள்கள் உள்ளே 32 பிட் மிதவைப்புள்ளிக் கணக்கில் ஒலியைக் கையாளுகின்றன. அந்தக் கணக்கில் 0-க்கு மேலேயும் இடமிருக்கிறது. +4-க்குப் போன அலை உள்ளே முழுதாகவே இருக்கும். வெளியே 16 அல்லது 24 பிட்டாக எழுதும்போதுதான் வெட்டு விழும். ஆகவே மாஸ்ரரை 6 டெசிபல் இறக்கிவிட்டு மறுபடி எக்ஸ்போர்ட் செய்தால் உடைவு தடமின்றிப் போய்விடும். மூலத்திலேயே வெட்டுப்பட்டதை எவ்வளவு இறக்கினாலும் அது போகாது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் இந்த ஒரு சோதனையில் தெரிந்துவிடும்.

“சத்தம் காணாதே” என்று வாடிக்கையாளர் சொல்வார் என்ற பயத்தில்தான் பலரும் மாஸ்ரரை இறக்கத் தயங்குகிறார்கள். பயம் தேவையில்லை. யூரியூப் சுமார் −14 லஃப்ஸ் என்ற சராசரி உரப்பை அளவுகோலாக வைத்திருக்கிறது. அதைவிட உரக்க ஏற்றியதை அதுவாகவே இறக்கிவிடும். முட்டி மோதி ஏற்றிய சத்தம் போய்விடும், மோதியதில் வந்த கரகரப்பு மட்டும் நிற்கும். பாட்டைக் கெட்டிமேளம் வரும் இடத்தில் கீழே இறக்கி, மாஸ்ரரில், உச்சிகள் குறித்த அளவைத் தாண்டாமல் பிடிக்கும் லிமிற்றர் ஒன்றை −1 டெசிபலில் வைத்தாலே போதும். லிமிற்றரைத் தொடர்ந்து 8, 10 டெசிபல் வேலை வாங்கினால் அதுவே உடைவுபோல ஒலிக்கும் என்பதையும் கவனிக்க வேண்டும்.

இரைச்சல் நீக்கும் எஃபெக்ட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜெனரேற்றர் இரைச்சலை நீக்குகிறேன் என்று அதை உச்சத்துக்கு ஏற்றினால் குரல் தண்ணீருக்குள் இருந்து வருவதுபோலாகும். இதையும் “எக்ஸ்போர்ட் பிழை” என்றே சொல்லித் திரிகிறார்கள். எஃபெக்ட்டை அணைத்துவிட்டு ஒருதரம் கேட்டால் தெரிந்துவிடும்.

இரண்டு மைக்குகளின் ஒலியைக் கலக்கும்போது கேட்கும் குழாய்ச் சத்தமும் உடைவல்ல. மேடையிலிருந்து 10 மீற்றர் தள்ளி நிற்கும் கமராவுக்கு ஒலி வந்துசேரச் சுமார் 29 மில்லிசெக்கன் ஆகும். மிக்சர் லைனில் அந்தத் தாமதம் இல்லை. இரண்டையும் ஒரே லெவலில் கலந்தால் சில அதிர்வெண்கள் அழிந்தும் சில பெருகியும் வரும். ஒன்றை நகர்த்திப் பொருத்த வேண்டும், அல்லது ஒன்றை நன்றாகக் குறைத்துவிட வேண்டும்.

இனித்தான் எக்ஸ்போர்ட்டின் சொந்தப் பாவங்கள். எம்.பி.4 பைலில் ஒலி வழக்கமாக ஏ.ஏ.சி. முறையில் சுருக்கப்படுகிறது. காது கவனிக்காது என்று கணித்த விவரங்களை அது கைவிடும். கைவிட்டபின் விரிக்கும்போது அலை மூலத்தை அச்சொட்டாகப் பின்பற்றாது. உச்சிகள் சற்று மேலே தாவும். மாஸ்ரர் −0.1-இல் நின்றிருந்தாலும் விரித்த அலை 0-ஐத் தாண்டி வெட்டுப்படலாம். லிமிற்றரை −1-இல் வைக்கச் சொன்னது இதற்காகவும்தான். ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியத்தின் 2010-ஆம் ஆண்டுப் பரிந்துரையும் அந்த −1-ஐத்தான் சொல்கிறது. பிட்ரேற், அதாவது ஒரு செக்கன் ஒலிக்கு ஒதுக்கும் தரவு, குறைந்தால் தாவல் கூடும், ஜால்ராவும் தவிலின் விரற்கூட்டு ஒலியும் தகரம்போலச் சலசலக்கும். 128 கிலோபிட்டில் பேச்சு தாங்கும், மங்கள வாத்தியம் அவ்வளவு தாங்காது. 320 வையுங்கள். யூரியூப் தனக்கு ஏற்றும் ஸ்ரீரியோ ஒலிக்கு 384 கிலோபிட்டைப் பரிந்துரைக்கிறது. இரண்டு மணிநேர வீடியோவில் படம் பிடிக்கும் இடத்தோடு ஒப்பிட்டால் ஒலியின் இந்தக் கூடுதல் எடை கணக்கிலேயே வராது. பிறகு ஏன் அதில் கஞ்சத்தனம் என்று எனக்கு விளங்குவதில்லை.

டைம்லைனில் சுத்தமாகவும் பைலில் இடையிடையே ‘டிக், டிக்’ என்றும் கேட்டால் அது வேறு சாதி. நெட்டில் இறக்கிய எம்.பி.3 பாட்டை அப்படியே போட்டிருந்தால் அதை 48 கிலோஹேர்ட்ஸ் வேவாக மாற்றிவிட்டுப் போடுங்கள். மென்பொருள் தற்காலிகமாகச் சேமித்துவைக்கும் பைல்களான மீடியா காஷை அழித்துவிட்டு மறுபடி திறந்து பாருங்கள். பிரீமியரில் பழுதான காஷ் பைல்களால் வரும் தொல்லை இதில் போய்விடுவதுண்டு. 44.1 கிலோஹேர்ட்ஸ் பதிவை ஏதோவொரு கருவி 48 என்று தவறாக வாசித்தால் ஒலி சுமார் 9 சதவீதம் வேகமாகவும் ஒன்றரை அரைச்சுரம் உயர்ந்தும் வரும். ஐயர் அவசரப்பட்டவர்போலத் தோன்றுவார். நேரலை செய்பவர்கள் டிஜிட்டல் மிக்சரிலும் ஓ.பி.எஸ். மென்பொருளிலும் ஒரே எண்ணை வைத்திருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

கேட்கும் இடத்தைச் சோதிக்காமல் எதையும் மறுபடி எக்ஸ்போர்ட் செய்ய வேண்டாம். முறைப்பாடு சொன்னவர் எதில் கேட்டார், எந்த வழியில் வந்த பைலைக் கேட்டார் என்று முதலில் விசாரியுங்கள். வட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது தன் பாட்டுக்கு மறுபடி சுருக்கும். ஆவணமாக அனுப்பினால் பைல் அப்படியே போகும். ப்ளூரூத் ஹெட்செற்றைக் கணினியில் மாட்டி, ஏதாவதொரு அழைப்பு மென்பொருள் பின்னணியில் திறந்திருந்தால், ஹெட்செற் தொலைபேசி முறைக்கு மாறி எல்லா ஒலியையும் ஒடுக்கமாக, கரகரப்பாகத் தரும். நல்ல பைலை மூன்று நாள் திருத்தவைக்கும் கோளாறு இது.

மூலத்திலேயே உடைந்துவிட்டது, கல்யாணத்தைத் திரும்ப நடத்த முடியாது. அப்போது? அடோபி ஓடிஷனில் டீகிளிப்பர் உண்டு, இலவசமான ஓடாசிற்றியில் கிளிப் ஃபிக்ஸ் உண்டு. வெட்டுப்பட்ட உச்சி எப்படி இருந்திருக்கும் என்று இரு பக்கத்து வளைவையும் வைத்து அவை ஊகித்து வரைகின்றன. வெட்டு குறுகியதாக இருந்தால், அதாவது தவில் அடிகளில் மட்டும் என்றால், நன்றாகவே வேலை செய்யும். முழு நாதஸ்வர வரிசையும் தட்டையாகிக் கிடந்தால் ஊகிக்க ஆதாரமே இல்லை. அந்த இடத்தில் கமராவின் சொந்த மைக்கில் பதிவான மண்டபத்து ஒலியைப் பொருத்திவிடுவது உத்தமம். எதிரொலியோடு கேட்டாலும் கிழியாத மேளம் அது. திருத்துவதானாலும் மூலக் கிளிப்பில்தான் கை வைக்க வேண்டும்; எக்ஸ்போர்ட் செய்த எம்.பி.4-ஐ எடுத்துத் திருத்தி மறுபடி சுருக்கினால் இன்னொரு அடுக்குப் பிசிறு சேரும்.

புதிதாக ரெக்கோடர் வாங்க நினைப்பவர்கள் 32 பிட் மிதவைப்புள்ளியில் பதிவுசெய்பவற்றைப் பார்க்கலாம். ஸூம் நிறுவனத்தின் எஃப்6 2019-இல் வந்த பிறகு அந்த வசதி படிப்படியாக விலை குறைந்த கருவிகளுக்கும் இறங்கியிருக்கிறது. லெவலைத் தப்பாக வைத்தாலும் வீட்டுக்கு வந்து இறக்கிக்கொள்ளலாம். ஆனால் மைக்குக்குள்ளேயோ மிக்சருக்குள்ளேயோ உடைந்து வந்த ஒலியை அதுவும் உடைந்தபடியேதான் பதியும். மைக்கை நாதஸ்வரத்தின் விரிந்த வாயான அணசுக்கு நேரே முகத்தில் வைக்காமல் ஒரு மீற்றராவது தள்ளிச் சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள். ரெக்கோடரில் இரட்டைப் பதிவு வசதி இருந்தால் இரண்டாவதை 12 டெசிபல் தாழ்த்தி ஓடவிடுங்கள்.